76 கிலோ இறங்கியது, 51 கிலோ ஏறியது

பந்தயத்துக்காக ஒரு காரின் உள்பகுதியை உரித்தேன் என்று சொன்னால், கேட்பவர் அடுத்த நொடியே எத்தனை கிலோ குறைந்தது என்பார். இதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்கிறவர் பாதிக் கணக்கை மறைக்கிறார். கழற்றி எறிந்தது ஒரு கணக்கு. உயிர் தப்புவதற்காகத் திரும்ப உள்ளே வைத்தது இன்னொரு கணக்கு. என் மாருதி 800-இன் வரவு செலவை இரண்டு பக்கமும் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படலாம்.

கார் எம்பிஎஃப்ஐ மாடல், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. ஏசி இல்லாதது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். மன்னார்குடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் ஆண்டுக் கணக்கில் நின்றிருந்த வண்டி. இதை வைத்தா பந்தயம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1980களின் இறுதியில் கோவை எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியது இந்த 800-இன் எஞ்சினை வைத்துத்தான். கோவை அருகே அவர் பெயர் தாங்கிய செட்டிபாளையம் பந்தய ஓடுதளம் சுமார் 2.1 கிலோமீட்டர். நேர்பாதை நீளமில்லை, வளைவுகள் அதிகம். குறைந்த சக்தியும் குறைந்த எடையும் உள்ள காருக்கு அது தோதான இடம். 37 குதிரையை 50 ஆக்கப் பணம் வேண்டும். எடையைக் குறைக்க ஸ்பானரும் பொறுமையும் போதும். இந்த நினைப்பில்தான் பாபநாசம் அருகே ஓடாமல் கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளினேன்.

ஸ்பானரைத் தொடும் முன் சட்டத்தைத் தொட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நான்கு பேர் உட்காரும் காரில் ஒரே ஓர் இருக்கையை வைத்துக்கொண்டு கும்பகோணம் கடைவீதிக்குப் போக முடியாது, போகவும் கூடாது. எனவே இந்தக் கார் இனிச் சாலையில் ஓடாது. திருச்சி, கரூர் வழியாகக் கோவைக்கு லாரியின் முதுகில்தான் போகும். கலந்துகொள்ளும் பிரிவின் விதிப் புத்தகத்தையும் முதலிலேயே வாங்கிப் படித்துவிட வேண்டும். எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது, ஓட்டுநருடன் சேர்த்துக் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்பதெல்லாம் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். அந்த வரம்புக்குக் கீழே போனால் ஈயக்கட்டியைத் தரையில் போல்ட் போட்டு எடையைத் திரும்ப ஏற்ற வேண்டிவரும்.

அடுத்து எடை போடுவது. ஆலை வாசலில் இருந்த லாரி எடைமேடை 10 கிலோ படியாகத்தான் காட்டும். அரை கிலோ, ஒரு கிலோ என்று தேடுகிற வேலைக்கு அது உதவாது. என் மைத்துனர் நெல் மண்டி வைத்திருக்கிறார். மூட்டை எடை போடும் 300 கிலோ மின்னணுத் தராசுகள் அவரிடம் இரண்டு, பக்கத்து மண்டியில் இரண்டு. சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் அவற்றைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். அதற்கு முன் மார்கழியிலேயே கேட்டு வாங்கினேன். "மாப்பிள்ளை, தராசு உடைந்தால் வண்டியை நான் எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான்கு சக்கரத்துக்கு நான்கு தராசு. நான் உட்கார்ந்தாலும் இந்தக் காரில் எந்தச் சக்கரத்திலும் 230 கிலோவுக்கு மேல் ஏறாது என்பதால் 300 கிலோத் தராசு தாராளம்.

சிக்கல் தரையில் இருந்தது. நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காக வாட்டம் வைத்தே போட்டிருப்பார்கள். ஒரு சக்கரம் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலும் அந்தச் சக்கரத்தின் எடை கூடி, குறுக்கே எதிர்மூலைச் சக்கரத்திலும் கூடி, மற்ற இரண்டும் குறைந்து காட்டும். மொத்தம் மாறாது, பங்கீடு பொய்யாகிவிடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக்குழாயைப் பிடித்து, தாழ்ந்த தராசுகளுக்கு அடியில் பிளைவுட் துண்டுகள் கொடுத்து நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். டயருக்கும் தராசுத் தட்டுக்கும் இடையில் கிரீஸ் தடவிய இரண்டு பாலிதீன் தாள்கள். ஜாக்கியில் தூக்கி இறக்கிய கார் சக்கரங்களை உள்பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும். வழுக்கி விரிய இடம் கொடுத்தால்தான் சஸ்பென்ஷன் இயல்பான உயரத்தில் உட்காரும். நான்கு மூலையையும் அமுக்கி விட்ட பிறகு படித்த எண்கள்: முன் இடது 202, முன் வலது 200, பின் இடது 127, பின் வலது 130. மொத்தம் 659 கிலோ, டாங்கில் சுமார் 10 லிட்டர் பெட்ரோலுடன். எடையில் 61 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் இருந்தது.

பிறகு பிரிப்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்கினேன். என் காரில் ஏர்பேக் இல்லை. அது உள்ள கார்களில் இருக்கை பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பகுதியிலும் வெடிமருந்து இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்காமல் அந்தக் கம்பிகளில் கை வைக்கக் கூடாது. முன் இருக்கைகள் தண்டவாளத்துடன் 21 கிலோ. பின் இருக்கையும் சாய்மானமும் 12. உதிரிச் சக்கரம், ஜாக்கி, கருவிப்பை 14. கதவு உள்தட்டிகளும் பின்பக்க அட்டைகளும் 6. பழைய சீட் பெல்ட்டுகள் 4, பாட்டுப் பெட்டியும் ஒலிபெருக்கிகளும் 3, கூரைத்துணி ஒன்றரை. இவை எல்லாம் அரை நாளில் முடிகிற வேலை. போல்ட்டுகளில் முந்தைய இரவே டீசல் ஊற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும். கழற்றிய ஒவ்வொன்றையும் அங்கேயே தராசில் வைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கார்பெட்தான் என்னை வியக்க வைத்தது. அடியில் உள்ள நார்மெத்தையோடு சேர்த்து உரித்துத் தராசில் போட்டால் 9 கிலோ. அதையே களத்து வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டபோது 5 கிலோ. அதாவது 4 கிலோ வெறும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ரப்பர் வழியாகவும் முன்கண்ணாடி விளிம்பு வழியாகவும் இறங்கிய நீரை அந்த மெத்தை குடித்துவிட்டு, மேலே உலர்ந்த முகத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கூடவே ஒரு மூலையில் எலி வளை, கடித்துப்போட்ட கம்பித்தோல், இரண்டு கை நெல். டெல்டாவில் பழைய கார் வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். எடையைவிட முக்கியமான சேதி அதன் அடியில் இருக்கும்.

கார்பெட்டுக்குக் கீழே தார்ப்பட்டை. இரைச்சலை அடக்கத் தகரத்தின் மேல் உருக்கி ஒட்டிய கனமான தாள். வெளிநாட்டினர் இதன் மேல் உலர்பனியைக் கொட்டுவார்கள். மைனஸ் 78 டிகிரியில் தார் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும். உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு. மூடிய காருக்குள் அது ஆவியானால் மூச்சு முட்டும். அதை வெளியூரிலிருந்து வரவழைத்தால் வந்து சேர்வதற்குள் பாதி காற்றில் கரைந்துவிடும் என்பது என் இன்னொரு தயக்கம். அதனால் உள்ளூர்ச் சரக்கில் முயன்றேன். மீன் மார்க்கெட்டுக்கு வரும் கட்டி ஐஸை உமியில் புதைத்துச் சாக்கில் கொண்டுவந்து உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு வேதாரண்யத்துக் கல்லுப்பு கலந்தேன். ஐஸும் உப்பும் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும் என்பது பாடப்புத்தகம் சொல்வது. ஐஸ்கிரீம் வாளியில் நடப்பதும் இதுதான். உப்பு தகரத்தில் பட்டால் துருவை நாமே விதைத்ததாகிவிடும். எனவே கலவையைத் தடித்த பாலிதீன் பைகளில் இரண்டு அடுக்காகக் கட்டி, விடியற்காலைக் குளிரில் தரைமேல் பரப்பி, மேலே சாக்கு போட்டு மூடினேன்.

தட்டையான இடங்களில் நன்றாகவே வேலை செய்தது. பையை நகர்த்திய கையோடு உளியின் மழுங்கிய முனையால் தட்டினால் பட்டை சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஆனால் அந்த வாய்ப்பு ஒன்றிரண்டு நிமிடம்தான். தகரம் சூடு வாங்கிக்கொண்டதும் தார் மறுபடியும் மிட்டாய்போல் இழுக்கும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள செங்குத்துச் சுவரில் பை நிற்காது. அங்கே சூட்டுத் துப்பாக்கியும் பட்டி தேய்க்கும் தகடும்தான் வழி. மிச்சக் கறையை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் குளிர்ந்த தகரம் சட்டென்று வியர்க்கும். துடைத்து, உலரவிட்டு, தின்னர் போட்டு மறுபடியும் துடைத்து, அன்றே ப்ரைமர் அடிக்காவிட்டால் மறுநாள் காலை தரை செம்மண் நிறத்தில் இருக்கும். இவ்வளவு பாட்டுக்கும் கிடைத்த எடை ஐந்தரை கிலோ. முதுகு வலியையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் காரிலேயே விலை கூடிய கிலோக்கள் இவைதான். ஆனாலும் செய்யத்தான் வேண்டும். கார் கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்க உள்ளே குழாய்களால் கட்டும் பாதுகாப்புக் கூண்டின் காலை வெல்டிங் செய்யப்போகும் இடத்தில் தார் இருந்தால் தீப்பிடிக்கும்.

துரு எதிர்பார்த்ததுதான். ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, இடது பின் மூலையில் சல்லடை. டிங்கர் வேலை செய்யும் பெரியவர் சுத்தியலின் பின்முனையால் தரையெங்கும் தட்டிக்கொண்டே போனார். ஓசை மங்கிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். "தம்பி, மேலே பெயிண்ட் இருந்தால் கீழே இரும்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை" என்றார். வட்டம் போட்டதையெல்லாம் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். பெட்ரோல் டாங்க் பின் இருக்கைக்கு அடியில், தரைக்கு வெளியே தொங்குகிறது. அதைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டுத்தான் வெல்டிங் தொடங்க வேண்டும். காலி டாங்கில் நிற்கும் ஆவி, நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. எம்பிஎஃப்ஐ வண்டியில் கணினிப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். ஒட்டுத் தகடுகள் கணக்கில் 2 கிலோ ஏற்றின. இந்த 2 கிலோவைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

எடை குறைப்பு மோகத்தில் பலர் தொடுகிற, நான் தொடாத சில. டாஷ்போர்டை விட்டுவைத்தேன், என் பிரிவின் விதி அது. வயர் கட்டை வெட்டவில்லை. வேண்டாத கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேடி உருவினால் ஒரு கிலோகூடத் தேறாது, ஆனால் பந்தயத்தன்று காலையில் கார் கிளம்பாமல் நிற்க ஆயிரம் காரணங்கள் பிறக்கும். எலி கடித்ததை மட்டும் சரிசெய்தேன். கண்ணாடிகளும் அப்படியே. கதவின் உள்தகடு, கூரையின் குறுக்குச் சட்டம், இருக்கைக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் ஆகியவற்றைத் துளைபோட்டு இலேசாக்குகிறவர்கள் உண்டு. உடம்பைத் தாங்கும் எலும்பில் ஓட்டை போடுவதை எடை குறைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி செலவுப் பக்கம். கூண்டுக்குச் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ தரும் அளவுகள் தெளிவானவை. ஓட்டுநரின் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 தடிமனும் உள்ள குழாய், அல்லது 50 விட்டமும் 2.0 தடிமனும். தையல் இல்லாத, அதாவது நீளவாக்கில் ஒட்டு இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகு. வீட்டுக் கைப்பிடிக்கும் பந்தலுக்கும் போடும் தையல் குழாய் இதற்கு ஆகாது. கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் ஆகாது. இரண்டு அளவுகளில் எது இலேசானது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். முதலாவது மீட்டருக்கு 2.62 கிலோ, இரண்டாவது 2.37. விட்டம் பெரிதாக இருப்பதால் மெல்லிய சுவரிலும் வளைவைத் தாங்கும் வலு கிடைக்கிறது. 50 மில்லிமீட்டரையே எடுத்தேன். நான்கரை மீட்டர் நீளத்தில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம், அதுவும் தலைக்கு மேலே உள்ள எடையில் மிச்சம். வளைக்கும் வேலையைப் பந்தயக் கார் கட்டிப் பழகிய கோவைப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தால் விதிப்படி செல்லாது. மற்ற குழாய்கள், தரையில் ஒட்டும் தகடுகள் எல்லாம் சேர்த்துக் கூண்டு 31 கிலோ. காரில் ஏறியதில் மிகப் பெரிய உருப்படி.

ஃபைபர் பக்கெட் இருக்கையும் அதன் தாங்கிகளும் 11 கிலோ. இருக்கையைத் தகரத்தரையில் நேராக போல்ட் போடக் கூடாது. குறுக்குச் சட்டத்தோடு சேரும் தாங்கியில்தான் அது உட்கார வேண்டும். ஆறு முனை பெல்ட் 3 கிலோ. அதன் தோள் வார்கள் தோளிலிருந்து நேராகப் பின்னோக்கியோ சற்றே தாழ்ந்தோ போக வேண்டும். பின் தரைக்குச் செங்குத்தாக இழுத்துக் கட்டினால் மோதலில் அவை முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். 2 கிலோ தீயணைப்பானும் உலோகப் பட்டைகளும் சேர்த்து 4. அதை இடது பக்கத் தரையில், பெல்ட் போட்டபடியே என் கை எட்டும் இடத்தில் வைத்தேன். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் காரில் இடப்பக்கம் ஏறும் ஒவ்வொரு கிலோவும் லாபம்.

இறங்கியது 76, ஏறியது 51, நிகரம் 25. மறு எடையில் தராசுகள் 634 என்று காட்டியபோது மைத்துனர், "இவ்வளவுதானா, அரை மூட்டை நெல்கூட இல்லையே" என்றார். உண்மைதான், சதவீதக் கணக்கில் நான்குக்கும் கீழே. ஆனால் அந்த 25 மட்டும் முழுக் கதை இல்லை. மெத்தையும் அட்டையுமாகத் தளர்ந்து கிடந்த எடை போய், உடற்கூட்டை இறுக்கிப் பிடிக்கும் எஃகு வந்திருக்கிறது. கூடு முறுக்கிக்கொள்வது குறைந்தால் ஸ்பிரிங்குகள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யும். இன்னும் கிலோ குறைக்க வேண்டுமென்றால் மலிவான இடம் ஓட்டுநரின் வயிறு. 70 கிலோவில் இருக்கும் நான் திருவையாறு வழியாகப் போகும்போது அசோகா அல்வாவை மறந்தாலே கதவுத் தட்டி ஒன்றின் எடையைச் சம்பாதிக்கலாம்.

நான் உட்கார்ந்து போட்ட எடையில் முன் இடது 207, முன் வலது 223, பின் இடது 126, பின் வலது 148. குறுக்கு மூலைகளைக் கூட்டினால் ஒரு பக்கம் 349, மறுபக்கம் 355. உயரம் மாற்றும் வசதியே இல்லாத சஸ்பென்ஷனுக்கு இது நல்ல பொருத்தம். கவலை வேறிடத்தில். ஓட்டுநர் இல்லாத நிலையில் முன்பக்கம் 10 கிலோ குறைந்திருக்க, பின்பக்கம் 15 குறைந்திருக்கிறது. இந்தக் காரின் பின் ஸ்பிரிங்குகளும் பிரேக்கும் பின்னால் ஆள் உட்காருவார்கள் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. பாரம் போனதும் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தூக்கிக்கொண்டது. அறுவடை முடிந்த தனியார் திடலில் வேகமெடுத்து அழுத்திப் பிரேக் பிடித்தபோது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களை முந்திக்கொண்டு பூட்டின, வால் இடப்பக்கம் விலகியது. நேர்பாதையில் இது வெறும் எரிச்சல். வளைவுக்குள் நுழையும்போது நடந்தால் சுழற்சி.

ஸ்பிரிங்கை வெட்டுவது ஊர்ப் பழக்கம். ஒரு சுற்று வெட்டினால் உயரம் குறையும், கூடவே முனை சரியாக உட்காராமல் போகும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று விழவும் கூடும். அதைச் செய்யவில்லை. ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் ரப்பர் பேக்கிங்கை மெல்லியதாக மாற்றியதில் தூக்கல் ஓரளவு அடங்கியது. பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே துரு, பிஸ்டன் பாதியில் ஒட்டிக்கொண்டிருந்தது. புதியது போட்டதும் பூட்டுவது வெகுவாகக் குறைந்தது. முன் பிரேக் பேடுகளையும் புதிதாக மாற்றினேன். எடை குறைத்தவர் பிரேக்கை மறுபடி சோதிக்காமல் ஓடுதளத்துக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

மெத்தையும் தாரும் இல்லாத தரையில் புகைக்குழாயின் சூடு ஷூவைத் தாண்டி ஏறுகிறது. ஓட்டுநர் காலடிக்கு மட்டும் மெல்லிய அலுமினியத் தகட்டைச் சிறு இடைவெளிவிட்டுப் பொருத்தினேன், எடை சில நூறு கிராம். தட்டிகள் மறைத்திருந்த தகர விளிம்புகள் எல்லாம் கத்தி. அரத்தால் தேய்த்து ரப்பர் பீடிங் மாட்டினேன். தரையில் இருந்த பழைய ஓட்டைகளை ரப்பர் அடைப்பான்களால் மூடினேன். இல்லாவிட்டால் மழைநாளில் சக்கரம் அள்ளும் நீர் முழுவதும் உள்ளே வரும். இன்னும் ஸ்டீயரிங் பூட்டைக் கழற்ற வேண்டும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் சுவிட்சைப் பொருத்த வேண்டும், கூண்டில் என் தலைக்கவசம் படக்கூடிய இடங்களில் பஞ்சுறை சுற்ற வேண்டும். தராசுகளை மண்டிக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இவை ஏற்றப்போகும் இரண்டு மூன்று கிலோவை அடுத்த அறுவடை முடிந்த பிறகுதான் எடை போட முடியும்.